வரி வாங்காத வீடு

அத்தியாயம் பதினேழு

ஒரு நாய்ப் பூங்காவுக்காக யாராவது பட்டுப்புடவை கட்டுவார்களா என்று கேட்டால், செந்நெல் நகர் மூன்றாம் தெரு பதினேழாம் எண் வீட்டு வேம்பு அன்று காலை கட்டினாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த அரக்குக் கலர் பட்டு. ஞாயிற்றுக்கிழமை, மணி ஆறரைதான் ஆகியிருந்தது.

போன மாதம் வரை இந்தப் பூங்காவை அவளைப்போலக் கேலி செய்தவர்கள் யாரும் கிடையாது. "நாய்க்குப் பார்க்காம். அதுக்கு ரெண்டு கேட்டாம், தண்ணித் தொட்டியாம். மனுஷன் குந்த ஒரு பெஞ்சாவது போடுவீங்களாடி?" என்று மகள் செம்மொழியை வாரிக்கொண்டே இருந்தாள். செம்மொழி கட்டடங்களுக்கு ப்ளான் வரைந்து கொடுக்கும் எஞ்சினியர். நகரின் கிழக்குக் கோடியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிப் போட்டிருந்த இடத்தில் கருவேலம் மண்டிக் கிடந்தது. ஆடி மாதம் ஒரு வளர்ப்பு நாய் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றின் கெண்டைக்காலைக் கவ்விவிட, நலச்சங்கத்தில் பெரிய ரகளை ஆனது. நாய்களை ஒழி என்று பாதிப் பேர், நாங்கள் எங்கே கொண்டுபோவோம் என்று மீதிப் பேர். அந்த இடத்தை நாய்களுக்கே விட்டுவிடலாமே என்று எழுந்து சொன்னவள் செம்மொழி. சொன்னதோடு நிற்காமல் வேலி, வடிகால், புல்தரை, நிழல்மரம் என்று ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்து எஸ்டிமேட்டும் போட்டுக் கொடுத்தாள். ஒரு பைசா வாங்கவில்லை.

மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசாங்கம் தரும் என்று ஒரு திட்டம் இருந்தது. அந்த ஒரு பங்குக்குத்தான் சங்கத் தலைவர் குணசேகரன் வழி சொன்னார். ஊர்த் திருவிழாவுக்குப் போடுகிற மாதிரி தலைக்கட்டு வரி போட்டுவிடலாம், வீட்டுக்கு ஐயாயிரம், ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்வோம்.

தலைக்கட்டு என்ற வார்த்தை வீட்டுக்குள் வந்த அன்றோடு வேம்புவின் கேலி நின்றுபோனது.

வயது அறுபத்தொன்று. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். இந்த அறுபத்தொரு வருஷத்தில் அவள் குடும்பத்திடம் ஒரு ஊரும் தலைக்கட்டு வரி கேட்டதில்லை. கீழ்வேளூர்ப் பக்கம் அவர்கள் ஊரில் மாரியம்மன் திருவிழாவுக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். வந்து, காலனித் தெரு முனையில் நின்று திரும்பிப் போய்விடுவார்கள். பந்தலுக்கு மூங்கில் வெட்ட, தேர்ப்பாதையில் மண் கொட்ட, பறையடிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தெருவுக்கு ஆள் வரும். வரி வாங்க மட்டும் வராது. வரி கொடுத்தவன்தான் ஊர்க்காரன். கொடுக்காதவன் ஊரில் குடியிருக்கிறவன். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

அவள் புருஷன் தங்கையன் அரசு பஸ் டிப்போவில் முப்பத்திரண்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். மகள் வீடு கட்டி அழைத்தாள் என்று வந்து எட்டு மாதம் ஆகியும், வந்த வீட்டில் விருந்தாளி மாதிரியே உட்கார்ந்திருந்தார். வாசலுக்குப் போக மாட்டார், யாரிடமும் பேச மாட்டார். வரி என்று கேட்டதிலிருந்து மனுஷனே மாறிப்போனார். எதிர்வீட்டுக்காரரிடம் குறுவை அறுவடை பற்றி விசாரித்தார். சனிக்கிழமை போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். "வரி குடுத்துட்டா நாமளும் இந்த ஊருதான் வேம்பு" என்றார். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் இப்படி ஒரு ஆசையை வாய்விட்டுச் சொல்லி அவள் கேட்டதில்லை.

பணம் தன் பென்ஷனிலிருந்துதான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். மகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளும் அன்று வீட்டில் இல்லை. பட்டுக்கோட்டையில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள் என்று, ஐந்து மாத வயிற்றோடு விடியற்காலையிலேயே காரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மருமகன் இனியவனுக்கு ஓசூரில் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வந்து போகிறவன்.

ஆக, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், நோட்டுகள் எல்லாம் வைத்துக்கொண்டு கிழவனும் கிழவியும் மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். செம்மொழி போன வருஷம் வயலிலிருந்து தூக்கி வந்த நாட்டு நாய் குறுவை, கொட்டாவி விட்டுக்கொண்டு அவர்கள் காலடியில் கிடந்தது.

எட்டரை மணிக்குத் தெருமுனையில் குணசேகரன் தெரிந்தார். வெள்ளை வேட்டி, பின்னால் இரண்டு பேர், கையில் ரசீது புத்தகத்தோடு பொருளாளர் சஃபியா. சஃபியா பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தவள், கணக்கில் கறார்.

பதினான்காம் வீடு. பதினைந்து. பதினாறில் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார்கள். "என்ன அண்ணே, நாய் வளக்காமலே நாய்க்கு வரி குடுக்கறீங்க" என்று குணசேகரன் சிரிப்பது சுவர் தாண்டிக் கேட்டது.

தங்கையன் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவைத்தார்.

குணசேகரன் பதினாறிலிருந்து வெளியே வந்தார். "என்ன தங்கையன், நல்லா இருக்கீங்களா?" என்றார். நடையை நிறுத்தாமல்தான் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் குணசேகரனைவிட இரண்டு வயது இளையவர், அவருக்கு அண்ணே. பதினொரு வயது மூத்த மனுஷனுக்கு வெறும் பேர். வேம்பு அதைக் கவனிக்காமல் இல்லை.

சஃபியா நின்றாள். "சார், பதினேழு" என்றாள்.

"அது தீர்மானத்துல இருக்கும்மா. நீங்க வாங்க."

நான்கு பேரும் பதினெட்டாம் வீட்டுக்குள் போனார்கள்.

"மறந்திருப்பாங்க. திரும்பி வருவாங்க" என்றார் தங்கையன். மூன்றாம் தெரு முடிந்தது. நான்காம் தெருவும் முடிந்து குணசேகரனின் பைக் வீட்டுப் பக்கம் போன சத்தமும் கேட்டது. தங்கையன் கேட்டின் பக்கத்திலேயே நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

பத்தரை மணிக்கு வேம்பு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற?"

"மறந்துட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. ஞாபகப்படுத்திட்டு வர்றேன்."

குணசேகரனுக்கு உரக்கடை. முதல் தெருவில் பெரிய வீடு. இந்த நகர் முழுக்க ஒருகாலத்தில் அவர் அப்பா துரைராசுவின் நெல் வயல்தான். மனை போட்டு விற்றதில் வந்த வீடு அது. அவர் மனைவி சாவித்திரி வாசலுக்கே வந்து, "வாங்கக்கா, உள்ள வாங்க" என்று அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்தாள். எல்லோருக்கும் வந்த அதே கப்பில்தான் அவளுக்கும் காபி வந்தது. அந்த வீட்டில் அந்தக் குறை இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

வேம்பு காபியைத் தொடாமல் தாம்பாளத்தை டீப்பாயின் மேல் வைத்தாள். "சார், எங்க வீட்டை விட்டுட்டீங்க."

குணசேகரன் சிரித்தார். "விடலைங்கம்மா. உங்களுக்கு வரி கிடையாது. உங்க பொண்ணு எவ்வளவு பெரிய வேலை செஞ்சு குடுத்திருக்கு. உங்க வேலையே போதும். அதுக்கு மேல காசையும் வாங்கினா நல்லாவா இருக்கும்?"

உங்க வேலையே போதும். வேம்பு இதை முன்பே கேட்டிருக்கிறாள். பதினொரு வயதில், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா வீட்டுக் கொல்லையில் நின்றிருக்கிறாள். அப்பாவின் உள்ளங்கையில் அந்த வருஷத்து வரிப்பணம் வேர்வையில் நனைந்துபோய் இருந்தது. அந்த மனுஷரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார், இதே வார்த்தையைத்தான் சொன்னார். அப்பா அன்றைக்கு மட்டும் வீட்டுக்குப் போகாமல் நேராகச் சாராயக் கடைக்குப் போனார்.

"வேலை வேறங்க, வரி வேற" என்றாள். "ப்ளான் போட்டது அவ. வரி எங்க வீட்டுக்காரர் பேர்ல. வாங்கிக்கிட்டு ரசீது போட்டுக் குடுங்க."

"தீர்மானம் போட்டாச்சேம்மா." அவர் உள்ளே போய் மினிட் புத்தகத்தை எடுத்து வந்து, பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். எஞ்சினியர் செம்மொழி அவர்களின் சேவையைப் பாராட்டி, அவர் குடும்பத்துக்குத் தலைக்கட்டு வரியிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. கீழே எட்டுக் கையெழுத்து. எட்டாவது அவள் மகளுடையது.

வேம்பு அதை இரண்டு தடவை பார்த்தாள். பெற்ற பெண்ணின் கையெழுத்து தெரியாமல் போகுமா.

"கல்வெட்டு வைக்கப் போறதா சொன்னாங்களே" என்றாள்.

"ஆமாங்க. வரி குடுத்த நாப்பத்தாறு தலைக்கட்டும் வரும்."

"பூங்கா கேட்டுச் சாவி?"

"அதுவும் நாப்பத்தாறுதான். கண்டவங்களும் திறந்துடக் கூடாதுல்ல. ஆனா உங்க நாய்க்கு என்னங்க தடை? எப்ப வேணும்னாலும் நம்ம வீட்டுல வந்து சாவி வாங்கிட்டுப் போங்க. சாவித்திரி குடுப்பா."

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் வேம்புவுக்கு எரிந்தது. சண்டைக்கு வந்திருந்தால் அவளுக்கும் சண்டை போடத் தெரியும்.

"தீர்மானம்னா என்னங்க, மனுஷன் எழுதினதுதானே. இன்னைக்கு வாங்கிட்டு நாப்பத்தேழுன்னு திருத்துங்க."

குணசேகரன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து குரலைத் தணித்தார். "நான் சாதியெல்லாம் பாக்கறவன் இல்லைங்க. உங்களுக்கே தெரியும். அப்பா பழைய ஆளு. கல்லுல அவர் பேருதான் முதல்ல வருது. அதுலயே உங்க பேரும் இருந்தா, படிச்சுப் பாத்துட்டு மனசு சங்கடப்படுவார். வயசான காலம். அவர் இருக்கற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

கூடத்தின் மூலையில் துரைராசு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு சாவித்திரி உட்கார்ந்திருந்தாள். "மாமா, சட்னி உங்க வலது கைப் பக்கம். இன்னும் கொஞ்சம் தள்ளி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கிழவருக்கு இரண்டு கண்ணும் பார்வை போய் மூன்று வருஷம் ஆகிறது. செந்நெல் நகருக்கே தெரிந்த விஷயம்.

"படிச்சுப் பாப்பாரா சார்?" என்று கேட்டாள் வேம்பு.

சாவித்திரியின் கை தட்டின்மேல் அப்படியே நின்றது. குணசேகரன் மினிட் புத்தகத்தை மூடினார்.

"யாருடா வந்திருக்கறது?" என்றார் துரைராசு.

"பதினேழாம் நம்பர் வீட்டம்மா மாமா. வரி குடுக்க வந்திருக்காங்க" என்றாள் சாவித்திரி.

கிழவர் இட்லியை மென்று விழுங்கினார். "குடுத்தா வாங்கிப் போடேன்டா. கோயிலுக்கா கேக்கறாங்க? நாய்க்குத்தானே."

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றார் குணசேகரன்.

கிழவரே வாங்கச் சொல்கிறார், மகன் வாங்க மாட்டேன் என்கிறார். கிழவர் சொன்ன காரணமோ வாங்காமல் இருப்பதைவிடக் கேவலமாக இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து என்ன பேசுவது? வேம்பு தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சாவித்திரி கேட் வரை கூடவே வந்தாள். "அக்கா, மனசுல வச்சுக்காதீங்க."

"வேற எங்க வச்சுக்கறது, நீயே சொல்லும்மா" என்று கேட்டுவிட்டு நடந்தாள்.

ஒரு மணிக்கு செம்மொழியின் கார் வந்தது. செருப்பெல்லாம் சிமென்ட். உள்ளே நுழைந்தவள் அம்மாவின் பட்டுப்புடவையைப் பார்த்தாள், மேஜை மேல் தாம்பாளத்தைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"என்னம்மா, யாருக்கு நிச்சயதார்த்தம்?"

"நீ வரி வேண்டாம்னு கையெழுத்து போட்டியா?"

"அதுவா? ஆமாம்மா. சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். தலைவரே எழுந்து நின்னு சொன்னார். எல்லாரும் கை தட்டினாங்க. என் வேலைக்கு ஒரு கௌரவம்தானேம்மா. நமக்கு ஐயாயிரம் மிச்சம்."

கூடத்தில் தங்கையன் சட்டையைக் கழற்றி, இஸ்திரி மடிப்பு கலையாமல் மடித்துக்கொண்டிருந்தார். பீரோவில் வைத்தார். ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். மகள் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

வேம்பு சொன்னாள். ஊரில் நோட்டு தெருமுனை வரை வந்து திரும்பியதையும், இன்று தங்கள் வீட்டைத் தாண்டிப் போனதையும், நாற்பத்தாறையும், கண்ணில்லாத கிழவர் படித்துப் பார்க்கப் போவதையும் சொன்னாள். தன் அப்பா கொல்லையில் நின்றதை மட்டும் சொல்லவில்லை. அது எதற்கு இந்தப் பெண்ணுக்கு?

செம்மொழி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "வரிக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு எனக்கு ஏம்மா யாரும் சொல்லல?"

"தெரியக் கூடாதுன்னுதான் ஆறாம் கிளாஸ்ல உன்னைக் கொண்டுபோய் ஹாஸ்டல்ல விட்டோம். திருவிழா வந்தா உங்கப்பா டூட்டின்னு சொல்லுவார். ஒரு வருஷமும் டூட்டி இருந்ததில்ல. நோட்டு அவரை விட்டுட்டுப் போறதை நீ பாக்கக் கூடாதுன்னு டிப்போவுல போய் சும்மா உக்காந்திருப்பார்."

"அதனாலதாம்மா நான் கையெழுத்து போட்டேன்" என்றாள் செம்மொழி. "தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேனா?"

பொத்திப் பொத்தி வளர்த்த பெண். பொத்தி வைத்ததிலேயே வந்து மாட்டிக்கொண்டாள்.

சாப்பிட உட்கார்ந்தும் செம்மொழி சாப்பிடவில்லை. சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தவள் திடீரென்று கையைக் கழுவிவிட்டு லேப்டாப்பைத் திறந்தாள். "ப்ளானைச் சும்மா குடுத்ததாலதானே வரி வேண்டாங்கறாங்க? அப்ப சும்மா குடுக்கல. பில் போடறேன். முப்பதாயிரம். ஃபீஸ் வாங்கிட்டா அந்தக் காரணம் போயிடுச்சு. அப்புறம் எல்லா வீட்டையும் மாதிரி எங்க வீட்டுலயும் வரி வாங்கித்தான் ஆகணும்."

வேம்புவுக்கு அது சரியாகத்தான் பட்டது. படித்த பெண் என்றால் படித்த பெண்தான், வழியைக் கண்டுபிடித்துவிட்டாளே என்றுகூடத் தோன்றியது.

கொல்லைக் கதவருகில் தங்கையன் வந்து நின்றார். "வேண்டாம் செம்மொழி."

"ஏம்ப்பா?"

"கேட்டா குடுத்துடுவாங்க."

"குடுக்கட்டும்ப்பா. அதுக்குத்தானே கேக்கறேன்."

அவர் கொல்லைக்கே திரும்பினார். இரண்டு மணிக்கு பில் குணசேகரனுக்கும் சஃபியாவுக்கும் வாட்ஸ்அப்பில் போனது. இரண்டு பேரும் பார்த்துவிட்ட அடையாளமும் உடனே வந்தது. செம்மொழி தாம்பாளத்தில் வாடியிருந்த வெற்றிலையை எடுத்துப் போட்டுவிட்டு, புது வெற்றிலையாக வைத்தாள்.

ஐந்தரைக்கு வெளியே பைக் நின்றது. குணசேகரனும், பின்னால் ஸ்கூட்டியில் சஃபியாவும். செம்மொழி எழுந்து ஓடினாள்.

"உள்ள வாங்க அங்கிள்."

"இருக்கட்டும்மா, வேலை கிடக்கு." கேட்டுக்கு வெளியே நின்றபடியே கவரை நீட்டினார். "எண்ணிப் பாத்துக்க. முப்பதும் இருக்கு. முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே. வேலை வாங்கிட்டுக் கூலி குடுக்காம எங்க குடும்பத்துல யாரும் இருந்ததில்ல. உங்கப்பா மாதிரி பழைய ஆளுங்களைக் கேட்டுப் பாரு."

சஃபியா வவுச்சர் புத்தகத்தை நீட்டினாள். தலை நிமிரவில்லை. பூங்கா ப்ளான் வரைந்த கூலி என்று குணசேகரனின் கையெழுத்தில் எழுதியிருந்தது. ஃபீஸ் என்றுகூடப் போடவில்லை.

செம்மொழி கவரை வாங்கவில்லை. "சரிங்க. இப்ப வரி. அம்மா, அந்தத் தாம்பாளத்தை எடுத்துட்டு வா."

"அது முடியாதேம்மா." குணசேகரன் குரலில் கோபமே இல்லை. "சங்கத்துகிட்ட காசு வாங்கறவங்க, பங்கு போடறவங்க லிஸ்ட்டுல இருக்க முடியாது. அரசாங்கப் பணம் வருது. நாளைக்கு ஆடிட்டுல கேப்பாங்க, வேலை எடுத்தவங்களே பயனாளியான்னு. படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியாததா? உன் பில் வந்தவுடனேதான் எனக்கும் தெளிவாச்சு. நாப்பத்தாறுன்னு முடிச்சு மனுவையும் அனுப்பிட்டேன், கல்வெட்டுக்காரருக்கும் அனுப்பிட்டேன்."

காலையில் கதவு சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாள் போடவில்லை. மத்தியானம் தன் மகளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று வேம்புவுக்குப் புரிந்தது. கேட்டா குடுத்துடுவாங்க என்று மனுஷன் சொன்னாரே. தனக்காவது அது உறைத்திருக்க வேண்டாமா? தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"இதுல கையெழுத்து போட மாட்டேன்" என்றாள் செம்மொழி.

தங்கையன் வெளியே வந்தார். வெற்றுடம்பு, தோளில் துண்டு. காலையில் இஸ்திரிச் சட்டையோடு நின்ற அதே இடத்தில் வந்து நின்றார்.

"போடும்மா" என்றார். "செஞ்ச வேலைக்குக் கூலி. அதுல என்ன அவமானம்? வாங்கிக்க."

அவள் போட்டாள். கவரையும் வாங்கினாள்.

குணசேகரன் முகம் தெளிந்தது. "தங்கையனுக்குப் புரியும். பழைய ஆளு" என்றார். பைக்கில் ஏறி உட்கார்ந்தவர், ஞாபகம் வந்தவராகத் திரும்பினார். "செம்மொழி, அந்தக் கிழக்கு வடிகால் மட்டம் மட்டும் நாளைக்கு வந்து ஒரு தடவை பாத்துக் குடுத்துடும்மா. ஐப்பசி மழைக்கு முன்னாடி தோண்டிடணும். களிமண்ணு, தண்ணி நின்னுடும்."

"அதுக்குத் தனிக் கூலிங்க" என்றார் தங்கையன்.

குணசேகரனின் சிரிப்பு பாதியில் நின்றது. வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். சஃபியா இன்னும் ஒரு நிமிஷம் நின்றாள். வவுச்சர் புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு அவளும் போனாள்.

கேட்டைச் சாத்தியது செம்மொழி. "என்னாலதாம்ப்பா" என்றாள்.

"உன்னால இல்ல. போய் ரெண்டு வாய் சாப்பிடு. வயித்துப் பிள்ளைக்காரி காலையிலேர்ந்து பட்டினி." அவர் உள்ளே போய் செல்போனை எடுத்து வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைத் தேடினார். ஊரில் அவர்கள் வீட்டில் இப்போது குடியிருக்கிறவள் ராமாயி, அவருடைய தம்பி முறைக்காரனின் விதவை. அவள் குரல் ஸ்பீக்கரில் கேட்டது.

"ராமாயி, தெரு பக்கத்து ரூமை மட்டும் ஒழிச்சு வை. வெள்ளிக்கிழமை வர்றேன்."

"எத்தனை நாளைக்கு மாமா?"

"இருக்கத்தான் வர்றேன்."

செம்மொழி அவர் கையைப் பிடித்தாள். "அப்பா, இது உங்க வீடுப்பா. உங்களுக்காகத்தானே கட்டினேன்."

"அங்கயும் எங்கிட்ட வரி வாங்கினது இல்லம்மா" என்றார் தங்கையன். "ஆனா அங்க எவனாவது வாங்குவான்னு நான் சட்டையை மாட்டிக்கிட்டு வாசல்ல நின்னதும் இல்ல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. பஸ்ஸில் என்ன பழுது என்று சொல்கிற மாதிரி சொன்னார். செம்மொழி அவர் கையை விட்டுவிட்டாள்.

"மாமா, அக்காவும் வர்றாங்களா? ரெண்டு பேருக்கும் பாய் எடுத்துப் போடவா?" என்று போனில் ராமாயி கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கையன் திரும்பி வேம்புவைப் பார்த்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவளைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் முடிவு. இதையாவது கேட்க வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, போனை அவளிடம் நீட்டினார். "கேக்கறா. நீயே சொல்லு."

வேம்பு போனை வாங்கினாள். புருஷன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூலிக் கவரைக் கையில் பிடித்தபடி மகளும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? எத்தனை பாய் போடட்டும்?" என்றாள் ராமாயி.

வேம்பு வாயைத் திறந்தாள். இரண்டு பேரில் யாரைப் பார்த்துக்கொண்டு அந்தப் பதிலைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.